வாப்-4 இன்ஜின் கண்டம் (கழிவு என ஒதுக்கல்) ஆகும்போது: உடைப்பதா, மேடையில் ஏற்றுவதா, கூரைக்குள் வைப்பதா?

சித்தரஞ்சன் தொழிற்சாலை 1990-களின் நடுவிலிருந்து 2015 வரை எழுநூற்றுக்கும் மேற்பட்ட வாப்-4 இன்ஜின்களைக் கட்டி அனுப்பியது. (முறையாக எழுதினால் டபிள்யூஏபி-4. பேச்சில் அப்படி நீட்டிச் சொல்கிறவர்கள் குறைவு.) 5000 குதிரைத்திறன், 112.8 டன், மணிக்கு 140 கி.மீ. வேகம். அரக்கோணம், ஈரோடு ஷெட் பெயர்களை நெற்றியில் தாங்கித் தெற்கத்தி எக்ஸ்பிரஸ்களை இழுத்த வண்டி இதுதான். மின்சார இன்ஜினுக்கு ஆயுள் 35 ஆண்டு என்பது ரயில்வேயில் பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் முதல் வரிசைக்கு இந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் கெடு. ஆனால் கெடு வருவதற்குள்ளேயே வேலை குறைந்துவிட்டது.

காரணம் இன்ஜினின் மூப்பு அல்ல, பெட்டிகள் மாறியதுதான். புதிய வகையான எல்எச்பி பெட்டிகளின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும், அடுத்த தலைமுறை இன்ஜினான வாப்-7 தன் கன்வெர்ட்டரிலிருந்தே 750 வோல்ட் கொடுத்துவிடுகிறது. வாப்-4-இல் அந்த ஏற்பாடு இல்லை. வாப்-4-ஐ மாட்டினால் வண்டியின் இரு முனையிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டி ஓடியாக வேண்டும். பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தருவதும் வாப்-7-தான். வாப்-4 அதை வெப்பமாகவே கரைக்கிறது. 24 பெட்டி எல்எச்பி வண்டியை நிலையத்திலிருந்து எழுப்பும்போது தெரியும் இழுவை வித்தியாசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஷெட்டின் ஓரத் தண்டவாளத்தில் நிற்கும் வண்டியை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. 'உடைக்கலாமா, காக்கலாமா' என்று இரண்டாக மட்டும் பிரித்துப் பார்ப்பதுதான் இதில் முதல் தவறு. வழிகள் அதைவிட அதிகம். சில வழிகள் காப்பது போலத் தோன்றினாலும் உண்மையில் உடைப்பதைத் தள்ளிப்போடுபவை.

வேலையிலேயே வைத்திருப்பது

சாதாரண பாசஞ்சர், பார்சல், யார்டில் ஷண்டிங் என்று இறக்கிக்கொண்டே போவது முதல் வழி. செலவில்லாதது போலத் தெரியும். ஆனால் வாப்-4-இன் உயிர்நிலை, 32 நாட்ச் (படி) கொண்ட டேப் சேஞ்சர். கோப்புகளில் இதன் பெயர் ஜிஆர். டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தப் பக்கத்தில் படிப்படியாக வோல்டேஜை ஏற்றி இறக்கும் இயந்திரம் இது. எக்ஸ்பிரஸில் ஒருமுறை ஏற்றினால் நெடுநேரம் அப்படியே ஓடும். ஷண்டிங்கிலோ நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். அதனால் கான்டாக்ட்கள் தேய்வதும் கருகுவதும் கூடும். இரண்டு நாட்சுக்கு நடுவே ஜிஆர் சிக்கிக்கொண்டால், மாற்றத்தின்போது ஒரு கணம் மட்டும் மின்னோட்டம் தாங்குவதற்காக வைத்த ரெசிஸ்டன்ஸ் தொடர்ந்து தாங்க வேண்டிவந்து எரிந்துபோகும். ஆகவே 'லேசான வேலை' என்பது வண்டிக்கு லேசானதல்ல. நல்ல சக்கரமும் அண்மையில் பிஓஎச் (காலமுறை முழுப் பராமரிப்பு) முடிந்த உடலும் இருந்தால் மட்டுமே இந்த வழி சரி.

புதுப்பித்து ஓட்டுவது, வெளிநாட்டுக்கு விற்பது

இரண்டுக்கும் வெளியே முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் ஆம்ட்ராக், ஸ்வீடனின் ஆர்சி-4-ஐ அடியொற்றி உருவான 54 ஏஇஎம்-7 இன்ஜின்களை வைத்திருந்தது. அவற்றில் 29-ஐ 1999 முதல் 2002 வரை அல்ஸ்டோம் வழியாக ஏசி மோட்டாருக்கு மாற்றியது. பெரும் பணம், பெரும் வேலை. ஆனால் சீமென்ஸின் ஏசிஎஸ்-64 வந்ததும், 2016 ஜூனுக்குள் மாற்றியவையும் மாற்றாதவையும் ஒன்றாகவே ஓய்ந்தன. உள்ளுறுப்பைப் புதிதாக்கினாலும் கூண்டும் போகியும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டமும்) பழையவைதானே! பிரிட்டனின் கிளாஸ் 87-க்கு வேறு விதி. 36-இல் பாதிக்கும் மேல் பல்கேரியாவுக்குப் போய் சரக்கு இழுத்தன. அங்கும் 25 கிலோவோல்ட், அதே 1435 மி.மீ. பாதை என்பதால் அது நடந்தது.

நமக்கு அந்த வாசல் திறக்காது. 1676 மி.மீ. அகலப் பாதையோடு 25 கிலோவோல்ட் கம்பியும் இருந்து, பழைய இன்ஜின் வேண்டும் என்கிற அண்டை நாடு இல்லை. இலங்கையில் அகலப் பாதை உண்டு, கம்பி இல்லை. வங்கதேசத்துக்கு 2020-இல் பத்து டீசல் இன்ஜின்களைக் கொடுக்க முடிந்தது, டீசல் தன் எரிபொருளைத் தன்னோடு சுமப்பதால். மின்சார இன்ஜின் கம்பிக்குக் கட்டுப்பட்டது. சென்னை – விழுப்புரம் மீட்டர் கேஜில் ஓடிய 20 ஜப்பானிய யாம்-1 இன்ஜின்களைப் பாருங்கள். நாட்டில் வேறெங்கும் மின்மயமான மீட்டர் கேஜ் கிடையாது. அந்தப் பாதை போனதும் அவை எவ்வளவு நல்ல நிலையில் இருந்திருந்தாலும் ஓட இடமில்லை. மும்பையின் 1500 வோல்ட் நேர்மின்சாரம் 2016-இல் முழுதாக ஏசிக்கு மாறியபோது பழைய டிசி இன்ஜின்களுக்கும் அதே கதி.

ஏலம்

இந்தச் சொல்லைக் கேட்டதும் ரயில் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் சரியான வழி. தயக்கமில்லாமல் சொல்லிவிடலாம். கண்டம் என்று குழு எழுதிக் கையெழுத்திட்ட பிறகு மின்னேலத்தில் போகும் 112.8 டன்னில் பெரும்பகுதி எஃகு. மதிப்பு அடங்கியிருப்பது தாமிரத்தில்: ஆறு மோட்டார், டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்கள், கேபிள்.

இங்கே நடக்கும் பிழை ஏலம் விடுவது அல்ல, கழற்றாமல் ஏலம் விடுவது. ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வாப்-4-களுக்கும், நாளை காக்கப்போகும் ஒன்றிரண்டுக்கும் உதிரிபாகம் இந்த உடலிலிருந்துதான் வர வேண்டும். டேப் சேஞ்சரின் செலக்டர், அதை இயக்கும் காற்று சர்வோமோட்டார், வேக்கம் சர்க்யூட் பிரேக்கர், ரெக்டிஃபையர் தட்டுகள், பாண்டோகிராஃப் (மேல்கம்பியைத் தொடும் கூரைக் கை), கம்ப்ரஸர், ரிலே பலகை, மாஸ்டர் கன்ட்ரோலர், ஓட்டுநர் அறையின் மீட்டர்கள் ஆகியவற்றை முதலில் எடுக்க வேண்டும். சக்கரத்தை அளந்து பாருங்கள். புதிதில் 1092 மி.மீ. விட்டம், 1016-இல் கழிவு. இடையில் நல்ல மிச்சம் இருந்தால் அச்சோடு சேர்த்து எடுத்து, அல்ட்ராசோனிக் சோதனை செய்து வைக்கலாம். ரிலேக்களைக் கம்பியை வெட்டி எடுத்தால் பாதிப் பயன் போய்விடும். எண் வளையம் மாட்டிய வயரோடு, பலகையாகவே இறக்க வேண்டும்.

மேடையில் நிறுத்துவது

ஊர்கள் கேட்பது இதைத்தான். நிலைய வாசலில் சிமென்ட் மேடை, இரண்டு தண்டவாளத் துண்டு, பளபளக்கும் வண்ணம், திறப்பு விழா. நீராவி இன்ஜினுக்கு இது ஓரளவு பொருந்தியது. அதன் உடம்பு கனத்த தகடு, வார்ப்பு, தண்டு. மழை உள்ளே புகுந்தாலும் பெரிதாகக் கெட ஒன்றுமில்லை. அதே கணக்கை மின்சார இன்ஜினுக்குப் போடுவதுதான் தவறு.

மின்சார இன்ஜின் என்பது சக்கரம் வைத்த துணைமின் நிலையம். மேல்கூரை ஒரே தகடு அல்ல. டிரான்ஸ்ஃபார்மரையும் ப்ளோயர்களையும் கிரேனால் மேலே தூக்கி எடுக்க வசதியாகத் துண்டு துண்டாகக் கழலும். துண்டுகளுக்கு நடுவே ரப்பர் கேஸ்கெட். அது வெயிலில் இறுகி வெடித்ததும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கசிவு. பக்கவாட்டில் காற்று இழுக்கும் ஜன்னல் சட்டங்கள். ஓடும்போது ப்ளோயர்கள் உள்ளே காற்றை அடித்து ஈரத்தை விரட்டும், நின்றுவிட்டால் அதே சட்டங்கள் சாரலுக்கும் புறாவுக்கும் வாசல். முதல் மழைக்காலத்திலேயே இயந்திர அறைத் தரையில் தண்ணீர் தேங்கும். அரசிலையும் தூசியும் வடிகால் துளையை அடைக்கும். அடுத்து கேபிள் பாதை அழுகும். ஓட்டுநர் அறையின் கீழ் மூலைகளில், வெளியில் வண்ணம் நன்றாக இருக்கும்போதே உட்புறத் தகடு செதிலாக உதிரும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்றின் கணக்கை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு திருட்டு. தாமிரம் இருப்பது ஊருக்கே தெரியும். இரவில் கீழே படுத்து மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போக ஒரு ஹேக்ஸா போதும்.

மேடை உயிருக்கும் ஆபத்தாகலாம். மின்பாதைக்கு அருகில் மேடை கட்டினால், கூரைக்கு ஏறும் ஏணியைக் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். படம் எடுக்க ஏறும் பிள்ளைக்கு 25,000 வோல்ட்டைத் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை, நெருங்கினாலே பாயும். அழகுக்காகப் பாண்டோகிராஃபை உயர்த்தி நிறுத்தச் சொல்வார்கள். மேலே கம்பி போகும் இடத்தில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. மடக்கி, சங்கிலியிட்டுப் பூட்டுங்கள்.

பத்துப் பதினைந்து ஆண்டில் மேடை வண்டியைப் பார்க்க முடியாமல் போய், அதையும் ஏலம் விடுவார்கள். அதற்குள் உள்ளே எடுத்து வைக்கத்தக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. மேடைதான் வேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடித்தால் முழு வண்டி வேண்டாம். ஓட்டுநர் அறையை மட்டும் வெட்டி, கூரையடியில் வையுங்கள். பிள்ளைகள் ஏறி ஹேண்டிலைப் பிடிக்கலாம், பராமரிப்பும் ஒரு கடை அளவுக்குள் முடிந்துவிடும்.

ஓடும் நிலையில் காப்பது

கேட்க இனிக்கும். ஃபேரி குயீன் என்ற பழைய நீராவி இன்ஜினை ஓட்டினார்களே, இது ஏன் ஓடாது என்பார்கள். நீராவிக்கு நிலக்கரி, தண்ணீர், பொறுமையான கை இருந்தால் எந்தக் கிளைப் பாதையிலும் ஓடும். மின்சார இன்ஜின் ஓட வேண்டுமென்றால் பொதுப் பாதையில், இன்றைய வண்டிகளுக்கு நடுவே, இன்றைய பாதுகாப்பு விதிகளோடுதான் ஓட முடியும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கரைந்த வாயுக்களின் சோதனை, அச்சுச் சோதனை, பிரேக் சோதனை, கவச் போன்ற மோதல் தடுப்புக் கருவிகளைப் பொருத்துவது என்று எல்லாமே முழுப் பணி இன்ஜினுக்கு உரியதுதான். வண்டி எதனால் டிரிப் ஆனது என்று விளக்கைப் பார்த்தே சொல்லும் கைகள் ஓய்வு பெற்றுக்கொண்டே வருகின்றன, அது இன்னொரு தடை.

வெளிநாட்டு அனுபவமும் எச்சரிக்கையே. பென்சில்வேனியா ரயில்ரோடின் ஜிஜி-1, அமெரிக்க மின்சார இன்ஜின்களிலேயே புகழ்பெற்றது. கட்டியது 139, கடைசி ஓட்டம் 1983 அக்டோபர், இன்று மிஞ்சியிருப்பது 16. ஒன்றுகூட ஓடாது. அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர்களில் குளிர்விப்பு எண்ணெயாக இருந்தது பிசிபி என்ற நச்சுப் பொருள். அதை அகற்றியாக வேண்டியிருந்ததால் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே போனது, சிலவற்றில் மணலோ கான்கிரீட்டோ நிரப்பினார்கள். அடிச்சட்டத்தில் விரிசல் வேறு. இல்லினாய் ரயில்வே மியூசியத்தில் ஒரு ஜிஜி-1-உம், ஏஇஎம்-7 வரிசையின் 945-உம் நிற்கின்றன. அங்கே மின்பாதையும் உண்டு, ஆனால் அது டிராமுக்கான 600 வோல்ட் நேர்மின்சாரம். கம்பிக்குக் கீழேயே நின்றும் ஓட முடியாது.

கூரைக்குள், 110 வோல்ட் உயிரோடு

எங்கள் தேர்வு இதுதான். முழு வண்டி, கூரையடியில், உயர் அழுத்தம் முற்றிலும் நீக்கியபடி, ஆனால் கட்டுப்பாட்டுச் சுற்று மட்டும் வேலை செய்யும் நிலையில். ஷெட்டில் எல்டி டெஸ்ட் என்று செய்வார்களே, அதையே நிரந்தரக் காட்சியாக்குவது. வாப்-4-இன் கட்டுப்பாடு முழுக்க 110 வோல்ட் பேட்டரியிலும் அழுத்தக் காற்றிலும் இயங்குவது. வெளியிலிருந்து ஒரு சார்ஜரும், சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ அழுத்தம் தரும் ஒரு கம்ப்ரஸரும் இணைத்துவிட்டால் போதும். ஹாரன் ஒலிக்கும், விளக்குகள் எரியும், கான்டாக்டர்கள் தட்டும். மாஸ்டர் கன்ட்ரோலரை '+' பக்கம் தள்ளினால் ஜிஆர் ஒவ்வொரு நாட்சாக ஏறும் 'டக்… டக்…' ஒலி இயந்திர அறையிலிருந்து கேட்கும். கம்பி இல்லை, ஆபத்தான வோல்டேஜ் இல்லை. சில பாதுகாப்பு ரிலேக்களுக்கு ஆப்பு வைத்தால்தான் வரிசை நகரும். எந்த ரிலேக்கு ஆப்பு வைத்திருக்கிறோம் என்று சிவப்பு அட்டை மாட்டி எழுதி வையுங்கள்.

ஏன் இதற்கு இத்தனை முக்கியம்? வாப்-4-இன் முகம் அழியப்போவதில்லை, ஆயிரக்கணக்கான படங்களில் இருக்கும். அழியப்போவது ரிலேயும் காற்றும் நாட்சும் சேர்ந்து சிந்தித்த அந்த முறை. வாப்-7-இல் அதைச் செய்வது மென்பொருள், பார்க்கவோ கேட்கவோ ஒன்றுமில்லை. மேடையில் நிற்கும் வண்டி காட்டுவது முகத்தை மட்டும்தான்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் கூரை, பிறகு வண்டி. 'வண்டியைக் கொண்டு வந்துவிடலாம், நிதி வந்ததும் கூரை போடலாம்' என்று தொடங்கிய இடங்களில் கூரை கடைசிவரை வந்ததே இல்லை. பஃபருக்குப் பஃபர் 18.8 மீட்டர் நீளம். அகலம் 3.2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பாண்டோகிராஃப் மடங்கிய நிலையில் உயரம் ஏறத்தாழ நாலேகால் மீட்டர். ஆகவே குறைந்தது 25-க்கு 8 மீட்டர் கூரை, 6 மீட்டர் தெளிவான உயரம். சாரல் வரும் திசையில் சுவர் அல்லது தகடு. அச்சுக்கு 18.8 டன் என்பதால் சிமென்ட் ஸ்லீப்பர், ஜல்லி, முறையான தண்டவாளம் வேண்டும். 60 செ.மீ. இடைவெளியில் 22 மீட்டருக்கு 37 ஸ்லீப்பர். சக்கரத்தைத் தண்டவாளத்தோடு வெல்டிங் வைக்கும் கெட்ட பழக்கம் உண்டு. வேண்டாம், தடுப்புக்கட்டையைத் தண்டவாளத்தில் பொருத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால் சுற்று நகர்த்தினால்தான் பேரிங்கில் ஒரே இடத்தில் குழி விழாது.

கடைசிப் பயணத்தில், அதாவது வேறு இன்ஜின் இழுத்து வரும்போது, ரிவர்சர்களை (ஓடும் திசையை மாற்றும் சுவிட்சுகளை) நடுநிலையில் பூட்டி மோட்டார்களைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சிய காந்தத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி எரியும். வந்து சேர்ந்ததும் முதல் வேலை எண்ணெய். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஆயிரம் லிட்டரைத் தாண்டும். வடிப்பதற்கு முன் பிசிபி சோதனைக்கு மாதிரி எடுங்கள். நம் வண்டிகளில் இருப்பது கனிம எண்ணெய்தான். ஆனால் பல கைகளில் பல பீப்பாய்களிலிருந்து ஊற்றி நிரப்பியது என்பதால் கலப்பு இல்லை என்று அனுமானிக்கக்கூடாது. பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் வந்தால் அது சாதாரணக் கழிவு எண்ணெய் அல்ல, அபாயக் கழிவு. உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் இவ்வகைப் பொருள்களை முற்றாக ஒழிக்க 2028 வரை கெடு வைத்திருக்கிறது. ரேடியேட்டர், பம்ப், டேப் சேஞ்சர் பெட்டி எல்லாவற்றையும் வடித்து, குழாய் வாய்களைத் தகடு வைத்து மூடுங்கள். வடித்ததோடு விட்டால் உள்ளே இரும்புக் கருவில் ஈரம் ஏறும். சிலிக்கா ஜெல் பிரீதரை வேலை செய்யும் நிலையில் விட்டு, நீல நிறம் மாறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள்.

பழைய பேட்டரிகளை உடனே இறக்குங்கள், காரமோ அமிலமோ கசிந்து பெட்டியையும் அடிச்சட்டத்தையும் தின்னும். ரெக்டிஃபையரிலும் கன்வெர்ட்டரிலும் உள்ள கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து முனைகளைக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டுங்கள். ஆர்க் சூட்களிலும் (தீப்பொறியை அணைக்கும் கூடுகளிலும்) வெப்பக் காப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் துளையிடவோ ஊதவோ கூடாது. காற்றுத் தொட்டிகளை வடித்து, தகட்டின் தடிமனை அளந்து, நீரழுத்தச் சோதனையில் தேறிய பிறகே மறுபடி காற்று ஏற்றலாம். இருபது முப்பது ஆண்டு ஈரக்காற்று தங்கிய தொட்டி, அழகாகத் தெரிந்தாலும் வெடிகுண்டு.

வண்ணம் கடைசி. ஊர்க்காரர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்! துருவைச் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு, மேலே பாலியூரித்தேன். கூரைக்குள் என்றால் பல ஆண்டு தாங்கும், வெயிலில் அதில் பாதி. ஷெட்டின் பெயர், எண், பிஓஎச் தேதி ஆகியவற்றைச் சுரண்டுவதற்கு முன் படமெடுத்து, அதே எழுத்தமைப்பில் மீண்டும் எழுதுங்கள். அழகான எழுத்து என்று கணினியில் தேடிப் போடுவது பொய்.

எந்த வண்டி?

முதல் எண், கடைசி எண் என்று தேடிப் போகிறார்கள். அது சம்பிரதாயம். நாங்கள் தேடுவது, அண்மையில் பிஓஎச் முடிந்து, கூரை கேஸ்கெட் நல்ல நிலையில் இருந்து, டேப் சேஞ்சர் சிக்காமல் ஓடி, உள்ளே எதுவும் கழற்றப்படாத வண்டி. அதன் பராமரிப்புப் பதிவேடும் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பம்பாய் ஆளுநர்களின் பெயர் தாங்கிய சர் லெஸ்லி வில்சன், சர் ரோஜர் லம்லி என்ற இரண்டு டிசி இன்ஜின்கள் நிற்கின்றன. இவற்றின் பெயர் தெரிந்தவர்கள் பலர், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் மிகச் சிலரே.

நாட்டுக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டால் மூன்று முழு வண்டி போதும்: ஒன்று தலைநகரில், ஒன்று கட்டிய சித்தரஞ்சனில், ஒன்று தெற்கே. தெற்கில் பெரம்பூர் ஐசிஎஃப் வளாக அருங்காட்சியகம் இயல்பான இடம். பக்கத்திலேயே மின்சார இன்ஜின்களைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த பெரம்பூர் பணிமனை இருக்கிறது. கூடவே ஒவ்வொரு பயிற்சிப் பள்ளிக்கும் ஓர் ஓட்டுநர் அறை. மற்றவை கழற்றிய பிறகு ஏலத்துக்குப் போகட்டும். கழற்றியதில் ஒரு ஜிஆர், ஒரு சர்வோமோட்டார், இரண்டு செட் ரிலே, ஒரு பெட்டி கேஸ்கெட் ரப்பர் ஆகியவை காக்கப்படும் ஒவ்வொரு வண்டியோடும் கூடவே போக வேண்டும்.